நீலம் போட்ட பால்

சாமியப்பன் யார் வீட்டுக்குப் போனாலும், காப்பி டம்ளர் கைக்கு வருவதற்கு முன்பே உள்ளங்கையால் அதன் வாயை மூடிவிடுவார். "பால் ஊத்தாத காப்பியா இருந்தாக் கொடுங்க. இல்லாட்டித் தண்ணியே போதுமுங்க" என்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரம் பார்த்து இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். தயிர், மோர், நெய் எதுவும் அவர் இலையில் விழுந்து நான் பார்த்ததில்லை. பத்து வருஷத்துக்கு மேல் இதைக் கவனித்திருக்கிறேன். பால் வாடை ஆகாத ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ விடிந்தால் இருநூறு வீட்டுப் பாலில் கை வைக்கிற மனிதர்.

எங்கள் ஊர், தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையத்திலிருந்து கிழக்கே இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. 1958இல் இங்கே பால் சொசைட்டி தொடங்கினார்கள். சாமியப்பன் அதன் டெஸ்டர். திருப்பூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், எட்டாவது வரை படித்தவர். தறிக்கு நூல் கிடைக்காமல் மாதக்கணக்கில் சும்மா இருந்தபோது, கோயமுத்தூரில் பால் பரிசோதனைக்குப் பதினைந்து நாள் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போனார். அதற்கு முன் அவர் ஒரு மாட்டின் மடியைத் தொட்டதில்லை. பின்னாலும் தொட்டதில்லை.

அவர் வேலை இதுதான். ஒவ்வொரு வீட்டுப் பாலையும் ஒரு உயரமான குவளையில் ஊற்றி, அதில் லாக்டோமீட்டரைப் போடுவார். அடியில் கனமான குண்டும் மேலே மெல்லிய தண்டும் உள்ள கண்ணாடிக் கருவி அது. ஊரில் அதைக் குண்டு என்றே சொன்னார்கள். பால் அடர்த்தியாக இருந்தால் அது உயர்ந்து மிதக்கும், தண்ணீர் சேர்ந்திருந்தால் இறங்கும். தண்டில் பால் மட்டத்துக்கு எந்த எண் வருகிறதோ அதை வரிசை முழுவதும் கேட்கிற மாதிரி சொல்வார். "முப்பது." "இருபத்தொம்பது." இருபத்தாறுக்குக் கீழே போனால் பால் சேராது, சொசைட்டி எடுத்துக்கொள்ளாது.

சேராத பாலை ஆரம்பத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். அது சாலையோர டீக்கடைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களுக்கும் போனது. எங்கள் ஊர்ப் பால் என்றாலே தண்ணீர் என்று பேச்சு வந்ததும், சொசைட்டித் தலைவர் சென்னியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். சலவைப் பட்டறையில் பனியன் துணி பளிச்சென்று தெரிவதற்காகக் கடைசியில் நீலத்தில் முக்குவார்கள். அந்த நீலப் பொடியில் ஒரு பொட்டணம் வாங்கிவந்து டெஸ்டர் மேஜையில் வைத்தார். "சேராத பாலுக்கு ஒரு சிட்டிகை போட்டுத் திருப்பிக் கொடு. அப்புறம் எவன் வாங்கறான்னு பார்க்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து தள்ளப்பட்ட பால் நீலமாகத்தான் வெளியே போயிற்று. பெரும்பாலானவர்கள் அதை வீடு வரை கொண்டுபோவதில்லை. பின்பக்கச் சாக்கடையில் கொட்டி, பால் கொண்டுவந்த போசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சந்து வழியாகப் போய்விடுவார்கள். இரண்டு நாள் கேலி இருக்கும், அப்புறம் அடுத்த ஆள் அகப்படுவான்.

இந்த வேலை செய்கிறவருக்கு ஊரில் சிநேகம் எப்படி இருக்கும்? சொசைட்டிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். கல்யாணம் ஆகவில்லை. அவருக்காக இரண்டு இடத்தில் பெண் கேட்ட அக்காவும் காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள், வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். சொசைட்டி வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் அவர் வெளியே வந்தால் பீடியை அணைத்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அது மரியாதையும் இல்லை, பயமும் இல்லை. அவரோடு நின்று பேசுவதை நாலு பேர் பார்த்தால், "இவன் பாலு எப்படிச் சேருதுன்னு இப்பல்ல தெரியுது" என்பார்கள்.

வாயாடிகள் அவரிடமே கேட்பார்கள்: "ஏனுங்க டெஸ்டரு, தறியில ஒக்காந்திருந்தவருக்குப் பாலைப் பத்தி என்னங்க தெரியும்?"

"எனக்கொண்ணும் தெரியாதுங்க. குண்டுக்குத் தெரியுமுங்க" என்பார்.

அந்தப் பதிலில் அவருக்குப் பெருமை இருந்தது. தனக்கு யார் மேலும் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

தெய்வாத்தாள் விஷயம் 1961இல் நடந்தது. நான் அங்கே இல்லை. என் அம்மா பழனாயி சொல்லியும், பிறகு சாமியப்பன் சொல்லியும், கடைசியில் தெய்வாத்தாளே சொல்லியும் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

சொசைட்டிக்கு முந்நூறு அடி தள்ளி அவள் தோட்டம். புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காங்கேயம் பசு, ஒரு எருமை. காங்கேயம் பசு உழவுக்குக் காளை ஈனத்தான் பேர்போனது, பால் கொஞ்சம்தான் கொடுக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பற்றி அவள் பேசாத நாளில்லை. "எம் பசுவு பால்ல வெரலை முக்கினா வெரலே தெரியாதாக்கும்" என்று வரிசையில் நின்று சொல்வாள். முன்னால் நிற்பவளின் போசியை எட்டிப் பார்த்து, "இதென்னடி, கழனித்தண்ணியாட்டம் இருக்குது" என்பாள். அதனால் அவளைப் பிடிக்காதவர்கள் வரிசையில் நிறையப் பேர்.

வழக்கமாக அவள் இருட்டோடு கறந்து, பாலை வைத்துவிட்டு, சாணி வழித்து, தீவனம் போட்டு, அப்புறம்தான் சொசைட்டிக்கு வருவாள். அன்றைக்குக் கன்றுக்குக் கழிச்சல். விடிய விடிய அதோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் கறந்தாள். சொசைட்டி மூடிவிடுவார்களே என்று கறந்த போசியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பால் நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

சாமியப்பன் நுரையை ஊதி ஒதுக்கிவிட்டுக் குண்டைப் போட்டார். அது இறங்கி நின்றது. "இருபத்திமூணு" என்றார்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

போட்டார். "இருபத்திமூணு."

"சாமி, எங் கன்னுக்குட்டி மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க."

"குண்டு பொய் சொல்லாதுங்க அம்மிணி" என்று நீலத்தைப் போட்டார்.

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "காங்கேயத்துப் பசுவு இப்பக் கெணத்துக்குள்ளயே மேயுதாட்டமிருக்குது!" வரிசை முழுவதும் சிரித்தது. என் அம்மாவும் சிரித்தாளாம்.

தெய்வாத்தாள் அதைச் சாக்கடையில் கொட்டவில்லை. சந்து வழியாகவும் போகவில்லை. மூடாத போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலப் பால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நடுத்தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். மறுநாளிலிருந்து சொசைட்டிக்கு வரவில்லை.

மற்றவர்கள் விஷயத்தில் இரண்டு நாளில் மறந்துபோகிற பேச்சு அவள் விஷயத்தில் மறக்கவில்லை. அவள் பெருமை பேசியவள், அதுவும் ஆண் துணை இல்லாதவள். கார்த்திகைக்கு எங்கள் ஊர் முருகன் கோயில் அபிஷேகத்துக்கு மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் பால் வாங்குவார்கள். அந்த வருஷம் அவள் வாசலில் குளித்து ஈரத்துணியோடு செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க வந்தவர்கள் பேசாமல் அடுத்த வாசலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே தாண்டிப்போனார்கள். ஏன் என்று கேட்டால், அதுதான் வழக்கம் என்று சொல்கிற அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது.

பாலாக விற்க முடியாததால் அவள் நெய்க்கு மாறினாள். வறட்டி நெருப்பில் பாலை ஆடை கட்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து உறை ஊற்றி, வெயில் ஏறுவதற்குள் கடைந்து, திரண்ட வெண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைப்பாள். வாரத்துக்கு ஒருநாள் முருங்கைக் கீரை போட்டு உருக்கி, திருப்பூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் நாலைந்து பனியன் கம்பெனி முதலாளிகள் வீட்டில் கொடுப்பாள். ஏன் நெய் என்று ஒருமுறை கேட்டேன். "நெய்யில தண்ணி இருந்தாச் சட்டியில வெடிச்சுக் காட்டிரும் கண்ணு. அதுக்குக் குண்டு வேண்டியதில்லை" என்றாள்.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன். கோயமுத்தூரில் வேதியியல் படித்து, 1971இல் பட்டத்தோடு ஊருக்கு வந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோது, சென்னியப்பன் என்னைச் சொசைட்டியில் தற்காலிகக் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார். சாமியப்பன் மேஜைக்குப் பக்கத்தில் என் மேஜை. அவர் காப்பிப் பழக்கத்தின் காரணத்தை அப்போதுதான் கேட்டேன்.

"இன்னிக்கு ஒருத்தரு ஊட்டுல ஒரு வாய் குடிச்சேன்னு வெய்யி தம்பி. நாளைக்கு அவங்க பாலைத் தள்ளோணும்னா எனக்குக் கை வருமா? இல்ல, தள்ளாம உட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பதிமூணு வருசமாச்சு. பால் ருசி என்னன்னே மறந்துபோச்சு" என்றார்.

அந்த மார்கழியில் குண்டு கைதவறி விழுந்து உடைந்தது. கோயமுத்தூரிலிருந்து புதியது வந்தது. பெட்டியைத் திறந்தபோது பஞ்சுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த குறிப்பு. நான் பொழுதுபோகாமல் படித்தேன்.

"அது பழைய பெட்டியிலயும் இருந்துச்சு தம்பி" என்று சாமியப்பன் சொன்னார். "இங்கிலீசுல இருக்குதேன்னு பத்திரமா வெச்சிருக்கறேன்." அறைக்குப் போய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். மடிப்பு கிழியாமல் பதிமூன்று வருஷம் இருந்த அதே தாள்.

எனக்குப் படித்துக்காட்டுகிற உற்சாகம். கறந்த சூட்டோடு பாலைச் சோதிக்கக் கூடாது, நுரையும் காற்றும் அடங்க ஒரு மணி நேரமாவது விட வேண்டும், பால் சூடாக இருந்தால் குண்டு அதிகமாக இறங்கும், அதற்கு ஏற்ற மாதிரி எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. வரிசை நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அங்கே யாரும் இல்லை.

"நுரையோட வந்துச்சு தம்பி" என்றார். "நான் ஊதித் தள்ளிட்டுத்தான் போட்டேன்."

யாருடைய பால் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் எருமையை நானே கறந்து, ஓடிப்போய் அவர் முன்னால் வைத்தேன். குண்டைப் போட்டார். இருபத்திநாலு. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத பால். போசியை மேஜைக்கடியில் வைத்தோம். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, வரிசை போன பிறகு, மறுபடி போட்டார். இருபத்தெட்டு. குண்டைத் துடைத்துப் பஞ்சில் வைத்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் அடுப்பு பற்றவைக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அம்மா ஆடை எடுத்த பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா இத்தனை நாளாப் படிச்சே சாமி?" என்றாள். "வெதுவெதுன்னு கொண்டுபோனாக் குண்டு எறங்கும்னு வரிசையில நிக்கற எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் ஆறவெச்சுக் கொண்டுபோறம். ஆடையை எடுத்துட்டா ஏறும். ஏறுன அளவுக்குத் தண்ணி ஊத்துனாச் சரியா நிக்கும். தெரியாதது அந்த டெஸ்டரு ஒருத்தருக்குத்தான்."

"அப்போ தெய்வாத்தாப் பெரிம்மா பாலு?"

அம்மா கேனை மூடினாள். "அவ பால்ல என்னிக்குத் தண்ணி இருந்துச்சு" என்றாள்.

"அன்னிக்கே அதைச் சொல்றதுதானேம்மா?"

"சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேக்கமாட்டாங்களா? உம் பரீட்சைக்கு மொதக்கொண்டு பணங் கட்டுனது எதுல கண்ணு?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் முழுக்க எண்ணிப் பார்த்ததில்லை.

சாமியப்பன் தன் வேலைமுறையை உடனே மாற்றிக்கொண்டார். சூடாக வந்த பாலை, "ஓரமா வைங்க, நுரை அடங்கட்டும்" என்று நிறுத்தினார். நீலப் பொட்டணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று கேட்டவர்களிடம் அடுத்த எண்ணைச் சொன்னார். ஆனால் என்னிடம், "அந்த அம்மிணிகிட்டச் சொல்லோணும் தம்பி" என்று ஒரு வாரத்தில் நாலு தடவை சொன்னார். கடைசியில் ஒருநாள் மத்தியானம் இருவரும் போனோம்.

அவள் மாட்டுக் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். படல் பக்கம் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "வாங்க டெஸ்டரு. நீலப் பொட்டணம் கையில இருக்குதுங்களா, இல்ல மறந்துட்டு வந்துட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "அவருக்கு வாயிருக்குது கண்ணு."

"உங்க பால்ல தண்ணி இல்லீங்க அம்மிணி" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்களா? நாந்தானுங்களே கறந்தேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இதை எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க ஆகப்போகுது? எங்க வெச்சு நீலத்தைப் போட்டீங்களோ அங்க வெச்சுச் சொல்லுங்க. யாரு சிரிச்சாங்களோ அவங்க காதுல விழுகோணும்."

"சொல்றனுங்க" என்றார். "தை மாசம் பொதுக்குழுவு. ஊரே வரும். நீங்களும் வாங்க. எல்லாத்துக்கும் முன்னால சொல்றேன். இது எங் கடனுங்க."

அவள் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிறதுதான். நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் செம்பை வாங்கி, நின்றபடியே, மூச்சு விடாமல் குடித்து முடித்தார்.

திரும்பி வரும்போது, "புளிப்பே இல்ல பார்த்தியா தம்பி" என்றார். அந்த மாதம் முழுவதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என்ன சொல்வது என்று என்னிடம் ஒப்பித்துப் பார்ப்பார். "பத்து வருசத்துக்கு முன்னால ஒருநாள், என்னோட தப்பால..." என்று தொடங்கும். எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

பொதுக்குழு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. தெய்வாத்தாள் வந்தாள். பெண்கள் கூட்டத்தில் உட்காராமல் வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். பத்து வருஷத்தில் அவள் சொசைட்டி சம்பந்தப்பட்ட ஒரு இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வரவு செலவு படித்து முடித்ததும் சாமியப்பன் எழுந்தார். அதற்குள் சென்னியப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நம்ம டெஸ்டருக்கு இன்னிக்கு ஒரு மரியாதை செய்யோணுமுங்க. பதினாலு வருசமா ஒருத்தர் ஊட்டுல ஒரு வாய்ப் பால்காப்பி குடிச்சதில்ல. வேண்டியவன் வேண்டாதவன்னு பார்த்ததில்ல. தண்ணி ஊத்துன ஒருத்தரை உட்டதில்ல, ஊத்தாத ஒருத்தரைத் தொட்டதில்ல! அந்தக் கைக்கு ஒரு கடியாரம் கட்டோணும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்குது" என்றார்.

கைதட்டல் எழுந்தது. மாலை போட்டார்கள், கடிகாரத்தைக் கட்டினார்கள். அந்த ஊரில் அவருக்காக யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை. அவருடைய அக்காகூடக் காங்கேயத்திலிருந்து வந்திருந்தாள், தலைவர் ரகசியமாகச் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மைக்கைச் சாமியப்பன் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். "பத்து வருசத்துக்கு முன்னால" என்றார். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பத்து வருசத்துக்கு முன்னால சொன்னதுதானுங்க. கேனை நல்லாக் கழுவிக் கொண்டாங்க" என்றார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நான் மரத்தடிக்கு ஓடினேன். தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியிருந்தாள். "ஏங் கண்ணு, கேன் கழுவறதைச் சொல்லத்தான் என்னையப் பொழப்பைக் கெடுத்து வரச்சொன்னாரா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

அவரை நான் கோழை என்று நினைத்தேன். பல மாதம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நானும் அந்த மைதானத்தில்தான் இருந்தேன். தாளைப் படித்தவன் நான், குண்டு இறங்கி ஏறியதைப் பார்த்தவன் நான். எழுந்து சொல்ல எனக்கு என்ன தடை? முன்வரிசையில் அவருடைய அக்கா இருந்தாள் என்றால், மூன்றாவது வரிசையில் என் அம்மா இருந்தாள். எங்கள் கேனின் கதையும் வெளியே வருமே என்று நான் நினைக்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அதற்குப் பிறகு சாமியப்பன் எவரிடமும் அநேகமாகப் பேசுவதை விட்டுவிட்டார். எண்களைச் சொல்வார், அவ்வளவுதான். கடிகாரத்தை அவர் கட்டி நான் பார்த்ததில்லை. தெய்வாத்தாள் தோட்டத்துப் பக்கம் போகிற பாதையை விட்டுச் சுற்றிப் போவார்.

1973இல் மாவட்டத்திலிருந்து லாரி வரத் தொடங்கியது. பாலைப் பதப்படுத்தும் நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே சூடாக்கிக் கிருமி நீக்கி, மறுபடி குளிரவைத்து, பாட்டிலில் அடைத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற கருவி சொசைட்டிக்கு வந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் பாலும் அமிலமும் ஊற்றி, ஒரு வட்டில் வைத்துச் சுற்றினால், கொழுப்பு மஞ்சளாக மேலே வந்து நிற்கும். ஆடை எடுத்த பால் அதில் தப்பவில்லை. முதல் வாரமே பாதி ஊர் அகப்பட்டது, எங்கள் கேன் உட்பட. அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒரு இளைஞன் வந்தான். சாமியப்பனைக் கேன் கழுவுகிறவர்களை மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். மூன்று மாதம் பார்த்தார். பிறகு நெஞ்சுச் சளி அதிகமாகி அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் காங்கேயம் போய் அவரைப் பார்த்தேன். எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் சின்ன வீடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார், வயது நாற்பத்திநாலுதான்.

"தம்பி, என்னால இனி அங்க வந்து நிக்க முடியாது. நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன். சொசைட்டிப் போர்டுல ஒட்டிரு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். '1961ஆம் வருஷம் தெய்வாத்தாள் அவர்கள் கொண்டுவந்த பாலை நான் தவறுதலாகத் தண்ணீர் கலந்தது என்று சொல்லி' என்று தொடங்கியது. வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"தவறுதலாங்கறது எதுக்கு?" என்று கேட்டார்.

"நீங்க வேணும்னு செய்யலியேண்ணா."

"மொத நாள் வேணும்னு செய்யல. அந்தத் தாளை நீ படிச்சுக் காட்டுனதுக்கப்புறம் ரெண்டு வருசம் சும்மா இருந்தனே, அது தவறுதலா?" இருமல் வந்து அடங்கியது. "அதையும் சேர்த்து எழுதிக் கொண்டா. நாளான்னிக்கு வா. சரியா எழுதுனதுல போடறேன்."

நான் வீட்டில் திருத்தி எழுதினேன். சொன்ன நாளுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

கையெழுத்து இல்லாத அந்தத் தாளை இரண்டு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இதில் என் பங்கு என்ன, அவர் பங்கு என்ன என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. ஒருநாள் காலை சொசைட்டிக்குப் போய் வரிசைக்கு முன்னால் நின்று உரக்கப் படித்தேன். எங்கள் கேன் கதையையும் வாய்மொழியாகச் சேர்த்துச் சொன்னேன். வரிசையில் பாதிப்பேர் புது மருமகள்கள். டெஸ்டர் என்ற பேர் மட்டும் கேட்டிருந்த ஒருத்தி, "எந்தச் சாமியப்பனுங்க?" என்று பக்கத்தில் கேட்டாள். 1961இல் சிரித்தவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் மாட்டை விற்றுவிட்டு மகன்களோடு திருப்பூரில் பனியன் மெஷின் போட்டிருந்தார்கள். மீதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். என் அம்மா கேனோடு நின்றுகொண்டிருந்தாள். படித்து முடித்ததும் கருவிக்கார இளைஞன், "அடுத்தது வாங்க" என்றான். அம்மா முன்னால் போனாள்.

தெய்வாத்தாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். தாளைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டாள்.

"அவரு கையெழுத்து எங்க கண்ணு?"

"போடறதுக்குள்ள போயிட்டாருங்க பெரிம்மா."

நெருப்பைக் குறைத்தாள். சட்டியில் வெடிப்பு நின்று, நெய் அமைதியாயிற்று.

"நீ படிச்சது உனக்காச்சு. உங்கம்மாளுக்கும் ஆச்சு" என்றாள். "அவரு சொல்றேன்னு சொன்னது வேற. அந்தக் கடன் அப்படியேதான் இருக்குது."

தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.